தட்டில் காட்டிய கட்டி எங்கே போச்சு?

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் வாசலில் நிற்கும் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, எடுத்த கட்டியைத் தட்டில் வைத்துக் காட்டுவது நம் பக்கத்து வழக்கம். செல்போனில் படமும் எடுத்துக்கொள்வார்கள். மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை என்று ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வரும் பெண்களின் மஞ்சப்பையில் பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கும். எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் சோதித்துத் தரும் பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டால்தான், "அதெல்லாம் ஒண்ணும் குடுக்கலயே டாக்டரம்மா" என்பார்கள்.

ஸ்கேனில் "பைப்ராய்டு" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது சரிதான். கர்ப்பப்பையின் தசையிலிருந்து வளரும் சாதாரண நார்க்கட்டி, புற்றுநோய் இல்லை. தொந்தரவு தராவிட்டால் தொட வேண்டியதே இல்லை. நான் சொல்ல வருவது அதே பெயருக்குள் ஒளிந்து வரும் மற்ற கட்டிகளைப் பற்றி.

அடினோமயோமாவை முதலில் சொல்கிறேன், அபூர்வம் என்றும் சொல்ல முடியாதபடி அதைப் பார்க்கிறேன். கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வு தசைக்குள் புகுந்து உருண்டு நிற்பது இது. மாதவிலக்கு வலி தாங்க முடியாததாக இருக்கும். நார்க்கட்டிக்குச் சுற்றிலும் ஓர் உறை உண்டு. கீறினால் பலாச்சுளையிலிருந்து கொட்டை வருவதுபோல் கழன்று வரும். இதற்கு அந்த எல்லையே கிடையாது. பிள்ளை வேண்டும் என்று கட்டியை மட்டும் எடுக்கப் போனால் நல்ல தசையும் சேர்ந்து போகும். ஆபரேஷனுக்கு முன்பே எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிட்டால், டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்தோ, காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள் இருந்து ஹார்மோன் சுரக்கும் சாதனம் வைத்தோ பலரைக் கத்தியில்லாமலே சமாளிக்கலாம்.

மாதவிலக்கு நின்றபின் வருவது லைப்போலியோமயோமா. தசையோடு கொழுப்பும் கலந்த கட்டி. ஸ்கேனில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிவதைப் பார்த்து வீடே பதறிவிடும். கடலுக்குள் பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா, "எடுத்துப் போட்டுருங்கம்மா, நிம்மதியா இருக்கும்" என்று அடம்பிடித்தார். எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு என்று உறுதியானது. எந்தத் தொந்தரவும் இல்லை. எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு வருகிறோம். அவருக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

வயிற்றைத் திறந்த மருத்துவரையே மிரட்டும் கட்டியும் உண்டு. கொட்டிலிடனாய்ட் டிசெக்டிங் லியோமயோமா என்று 1996-இல் விவரிக்கப்பட்டது. கர்ப்பப்பைக்கு வெளியே சிவந்து, பிரசவத்தில் விழும் நஞ்சு போலவே பரந்து கிடக்கும். பார்வைக்குப் புற்று, உண்மையில் சாது. அங்கேயே ஒரு துண்டை உறைய வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு வசதி இருந்தால் தேவையில்லாமல் மற்ற உறுப்புகளையும் எடுப்பதைத் தவிர்க்கலாம்.

எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் வேறு இரண்டு கட்டிகள். ஒன்று, ரத்தக்குழாய்க்குள் புகுந்து வளரும் நார்க்கட்டி. அது மேலேறி இதயத்தின் வலப்பக்கம் வரைகூடப் போகும். இன்னொன்று, ஆபரேஷனாகிப் பல வருடம் கழித்து நுரையீரலில் சிறு சிறு உருண்டைகளாகத் தென்படுவது. இரண்டும் புற்றுநோய் இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் பார்ப்பவர் காசநோயோ, எங்கிருந்தோ பரவிய புற்றோ என்றுதான் முதலில் நினைப்பார். அப்போது பயாப்சிக்காகப் பழைய கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையும், அதிலிருந்து சீவி எடுத்த சிலைடும் கிடைத்தால், நுரையீரலில் எடுத்த துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்றைக்குக் கட்டியைக் குப்பையில் போட்டிருந்தால் எதோடு ஒப்பிடுவது?

"சாம்பிளை மதுரைக்கு அனுப்பணும், செலவு" என்ற சாக்கும் இப்போது எடுபடாது. 2022-இல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பயாப்சி பார்க்கும் பாத்தாலஜி துறை இல்லாத மருத்துவக் கல்லூரி ஏது?

சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் எடுப்பதானால் இன்னொரு கேள்வி: கட்டியை எப்படி வெளியே கொண்டுவருவீர்கள்? மெஷின் வைத்து வயிற்றுக்குள்ளேயே அரைத்தால் துணுக்குகள் சிதறி, குடல்மேலும் சவ்வின்மேலும் ஒட்டிப் புதிதாக வளரலாம். நார்க்கட்டி என்று நினைத்தது மறைந்திருந்த சார்கோமா என்ற புற்று என்றால் நோயே பரவிவிடும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2014-இல் இதைப் பற்றி எச்சரித்தது. பைக்குள் வைத்து வெட்டி எடுக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாதவிலக்கு நின்றபின் கட்டி வளர்ந்தாலோ, மறுபடி ரத்தம் பட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். அந்த வயதில் சாதாரண நார்க்கட்டி சுருங்க வேண்டும். டி அண்ட் சி செய்து "நார்மல்" என்று வந்தாலும் போதாது. அது உள்வரியைச் சுரண்டிப் பார்ப்பது, தசைக்குள் இருப்பதை அது தவறவிடும்.

பாசி எடுக்கும் பெண்கள் இதையெல்லாம் வேறு மாதிரி சொல்வார்கள். "முன்ன மாதிரி தண்ணிக்குள்ள மூச்சுப் பிடிக்க முடியலம்மா." வயதாகிவிட்டது என்று அவர்களே முடிவுகட்டியிருப்பார்கள். கேட்டுப் பார்த்தால் மாதாமாதம் கட்டி கட்டியாக ரத்தம் போயிருக்கும். ஹீமோகுளோபின் 7-ஐத் தாண்டியிருக்காது. இரும்புச்சத்து ஊசி போட்டுத் தேற்ற சில வாரங்கள் வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14-க்குள், வீட்டு ஆம்பளைகள் கரையில் இருக்கும்போது ஆபரேஷனை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் மார்ச் தொடக்கத்திலேயே வந்துவிடுங்கள். வயிற்றைத் திறந்து செய்தால் அதன்பிறகு குறைந்தது ஆறு வாரம் கடலில் இறங்கக் கூடாது, பாசி மூட்டையும் தூக்கக் கூடாது.