சூடு காட்டினால் பூஞ்சை சாகாதா, டாக்டரம்மா?

சென்ற மழைக்காலத்தில் அல்சூரிலிருந்து ஒரு பாட்டி இரண்டு முயல்களைக் கூடையில் எடுத்துவந்தார். ஒன்று வழியிலேயே இறந்துவிட்டது. மற்றது மூக்குத் துளைகள் விரிய, விலாவை இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. சளி என்று நினைத்து இரவெல்லாம் பக்கத்தில் 60 வாட் பல்பு எரியவிட்டிருக்கிறார்.

இறந்த முயலின் நுரையீரலில் மஞ்சள் கலந்த வெண்ணிற முடிச்சுகள். அந்தத் திசுவை ஆய்வகத்தில் 37 டிகிரி செல்சியஸில் வளர்த்தபோது சாம்பல் பச்சை படர்ந்தது. அஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சை.

"பூஞ்சை என்றால் சூட்டில் செத்திருக்க வேண்டுமே, டாக்டரம்மா?" என்றார் பாட்டி.

பாதி நியாயமான கேள்விதான். பெரும்பாலான பூஞ்சைகள் 25, 30 டிகிரியில் செழிப்பவை. நம் உடல் வெப்பமான 37ஐ நெருங்கும்போது திணறிவிடும். 4,800க்கும் மேற்பட்ட பூஞ்சை மாதிரிகளை அலசிய 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, 30இலிருந்து 40 டிகிரிக்குள் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 6 சதவீத மாதிரிகள் வளர முடியாமல் கழன்றுகொள்வதாகக் கணக்கிட்டது. முயலின் இயல்பான உடல் வெப்பமோ 38.5 முதல் 40 வரை. நம்மைவிட அதற்குத்தான் காப்பு அதிகம்.

ஆனால் இந்தப் பூஞ்சை 50 டிகிரியிலும் வளரும். ஈரத்தோடு கட்டிய வைக்கோலுக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவே கொதிக்கும். நுண்ணுயிர்கள் விடும் மூச்சின் சூடு அது. அந்த அடுப்பில் வாழ்ந்து பழகியதற்கு முயலின் உடம்பு மரநிழல்! வித்துகளின் அளவு 2, 3 மைக்ரான்தான். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

வெப்பத்துக்கேற்ப உருமாறும் பூஞ்சைகளும் உண்டு. 1956இல் வியட்நாமில் மூங்கில் எலியிடம் கண்டறியப்பட்ட டாலரோமைசஸ் மார்னெஃபி 25 டிகிரியில் இழையாகப் படரும், 37இல் ஒற்றைச் செல்லான ஈஸ்டாகிவிடும். மணிப்பூர் மூங்கில் எலிகளிடமும் அது உண்டு. காட்டெலிகளின் நுரையீரலில் காணப்படும் எம்மான்சியா கிரெசென்ஸ் இன்னும் விசித்திரம். உள்ளே போன வித்து உடல் சூட்டில் பலூன்போல ஊதிப் பருக்கும், ஆனால் எண்ணிக்கையில் பெருகாது. எத்தனை வித்து நுழைந்ததோ அத்தனை உருண்டைதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முயலின் மூச்சுத் தொல்லைக்குப் பெரும்பாலும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்களே காரணம், பூஞ்சை அரிது. எனக்கு எரிச்சலூட்டுவது வேறு. வீட்டில் மீந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை முயலுக்கோ கினிப் பன்றிக்கோ வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து உயிரே போகலாம். ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துப் பூஞ்சைக்கு வாசலைத் திறந்துவிடும். பல்பும் அப்படித்தான்: பூஞ்சைக்கு ஒன்றும் ஆகாது, வியர்க்கத் தெரியாத முயல்தான் வாடும்.

பாட்டி வீட்டு வைக்கோல், பால்கனியில் வாய் கட்டிய பிளாஸ்டிக் சாக்கில் இருந்தது. பூசணம் பிடித்ததை வெயிலில் காயவைத்து உதறிப் போட்டிருக்கிறார். வெயில் ஈரத்தைத்தான் போக்கும். உதறும்போது வித்தெல்லாம் காற்றில் பறக்கும், உதறுபவர் மூக்கிலும் ஏறும். அப்படியே கட்டித் தூக்கிப் போட்டுவிட வேண்டும். புதிய வைக்கோலைக் காற்றுப் புகும் துணிப்பையில், தரையில் படாமல் வைத்தால் போதும்.

மற்ற முயல் வாரக்கணக்கில் பூஞ்சை மருந்து சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டது. பாட்டி இப்போது வைக்கோல் வாங்கப் போனால் கட்டின் நடுவே முழங்கை வரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறாராம். கடைக்காரர் முகம் சுளிக்கிறாராம்.