ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்குப் பள்ளி ஆலோசகரிடம் என்ன கேட்கலாம்?

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை கலகலப்பாக இருந்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1-இல் ஓய்வு நேரம் முழுக்க நூலகத்திலேயே உட்கார்ந்திருந்தால், கூச்ச சுபாவம் என்று விட்டுவிடாதீர்கள். மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சிறிய பள்ளியில் படித்துவிட்டுப் பெரிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்களுக்குப் பழைய கூட்டாளிகள் வேறு வகுப்பில், பேச்செல்லாம் மலாயில். படிவம் 1-க்கு முன் மலாய் மொழிக்காக ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் புகுமுக வகுப்பை முடித்து வருபவருக்கோ, அவருடன் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களே ஒரு படிவம் மேலே இருப்பார்கள்.

இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் இருக்கிறார்.  மாணவர் எண்ணிக்கை குறைந்த தொடக்கப்பள்ளியில் இந்தப் பணியிடம் இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பாசிரியரிடமோ மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரிடமோ பேசுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. கட்டொழுங்கு ஆசிரியர் வேறு, இவர் வேறு. ஆலோசக அறைக்குப் போவது தண்டனை இல்லை என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆலோசகரைச் சந்திக்கப் போகுமுன் இரண்டு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். யாரோடு சாப்பிட்டான், குழு வேலையில் யார் சேர்த்துக்கொண்டார்கள், எந்த நாளில் பள்ளிக்குப் போக மறுத்தான். "பையன் யாரோடும் பேசமாட்டான் டீச்சர்" என்பதைவிட இந்தக் குறிப்பு பல மடங்கு உதவும். கேலியோ பகடிவதையோ நடந்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அது பிள்ளையின் பழகும் திறனில் உள்ள குறை இல்லை. பள்ளி நடவடிக்கை எடுக்க வேண்டிய விஷயம்.

வழக்கமாக முதலில் ஆலோசகரும் பிள்ளையும் தனியாகச் சில சந்திப்புகள், பிறகு ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழு. அங்கே பழகுவது சின்னச் சின்ன விஷயங்கள்தான். கேண்டீனில் தட்டோடு நின்று "போலே டுடோக் சினி?" (இங்கே உட்காரலாமா?) என்று கேட்பது, நடந்துகொண்டிருக்கும் பேச்சில் நுழைவது, கேலிக்கு ஒரு வரியில் பதில் சொல்வது. அறையில் ஒத்திகை பார்த்ததை அந்த வாரமே கேண்டீனில் ஒருமுறையாவது செய்யவேண்டும். செய்யாவிட்டால் அது அறையோடு நின்றுவிடும்.

குழு சொதப்புவது பெரும்பாலும் ஆள் சேர்ப்பில்தான். பேசாத பிள்ளைகளை மட்டும் கூட்டி உட்கார வைத்தால் நாற்பது நிமிடமும் தரையைப் பார்த்தே போகும். சகமாணவர் வழிகாட்டிகளான பி.ஆர்.எஸ். மாணவர் ஒருவர் இருவர் கலந்திருக்க வேண்டும். நேரமும் முக்கியம்: அவன் விரும்பி விளையாடும் உடற்கல்வி வேளையில் கூப்பிட்டால், இருக்கும் ஒரே தொடர்பும் போய்விடும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "கூச்சம் போகட்டும்" என்று சபையில் பேச ஏற்றிவிடுவதும் வேண்டாம், பயம் இரட்டிப்பாகும்.

வீட்டில் "அங்கே என்ன சொன்னே?" என்று குடையாதீர்கள். 1998ஆம் ஆண்டு கவுன்சிலர் சட்டப்படி, பதிவு பெற்ற ஆலோசகர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். உயிருக்கு ஆபத்து போன்ற சூழல்கள் விதிவிலக்கு. பிள்ளைக்கு எப்படி உதவலாம் என்று நீங்கள் கேட்கலாம். பேசியதை வரிக்கு வரி கேட்க முடியாது.

சாப்பாட்டை விடுவது, தூங்காமல் இருப்பது, "நான் இல்லாமலே போகலாம்" என்ற பேச்சு இவற்றில் எது தெரிந்தாலும் பள்ளி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நடு இரவென்றால் உதவித் தொலைபேசிச் சேவைகளான பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, தாலியான் காசே 15999. இரண்டும் 24 மணி நேரமும் எடுக்கும். உடனடி ஆபத்து என்றால் 999.