மூக்கு ஒழுகும் டீ பாட்

தூள் இல்லாத இலைத் தேயிலைக்கு விலை குறைந்த டீ பாட் எதை வாங்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பீங்கானோ கண்ணாடியோ எஃகோ, எதிலும் தேநீர் நன்றாகவே இறங்கும். இலை ஊறும்போது பல மடங்கு விரியும் என்பதால், உள்ளே வைக்கும் வடிகட்டி அடிவரை இறங்கும் அகலமான கூடையாக இருக்கட்டும். மூக்கின் நுனி பாட்டின் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. தாழ்ந்திருந்தால் முழுதாக நிரப்பும்போதே வழியும். மூடியில் காற்று புகச் சிறு துளை வேண்டும். சரி, இவை எல்லாம் மலிவான பாட்டிலும் கிடைக்கும்.

விலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது ஒன்று உண்டு: ஊற்றும்போது ஒழுகுமா, ஒழுகாதா?

மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தேநீர் கோப்பைக்குள் விழாமல் மூக்கின் அடிப்பக்கமாக வளைந்து மேசைக்குப் போகும். 1956இல் மார்கஸ் ரெய்னர் என்ற விஞ்ஞானி இதற்கு 'டீ பாட் விளைவு' என்று பெயர் வைத்தார். திரவத்தின் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் பரப்பு இழுவிசைதான் காரணம் என்று தோன்றும். 1957இல் ஜோசப் கெல்லர் என்ற கணித அறிஞர் வேறு விளக்கம் சொன்னார். விளிம்பைச் சுற்றி வளையும் ஓட்டத்தில், வளைவின் உட்பக்கம் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் குறையவில்லை. ஆக, காற்றே தேநீரை மூக்கோடு சேர்த்து அழுத்துகிறது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மூக்கின் நுனி நீர் ஒட்டாத பரப்பாக இருந்தால் ஒழுகல் நின்றுவிடுகிறது என்று 2010இல் பிரான்சின் லியோனில் ஒரு குழு காட்டியது. 2021இல் வியன்னா ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். விளிம்பின் அடியில் எப்போதும் ஒரு துளி தங்கிவிடுகிறது. வேகமாக ஊற்றினால் தேநீர் அதைத் தாண்டிப் பாய்ந்துவிடும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால், அந்தத் துளி மொத்த ஓட்டத்தையும் தன் பக்கம் திருப்பிவிடும். நிலவில் ஊற்றினாலும் ஒழுகுமாம். எடையே தெரியாத விண்வெளி நிலையத்தில் மட்டும் ஒழுகாதாம்.

கெல்லருக்கும், ஒழுகாத மூக்கைக் கணக்கிட்ட இன்னொரு ஆய்வாளர் ழான்-மார்க் வாண்டன்-புரூக்குக்கும் 1999இல் இதற்காக 'இக் நோபல்' என்ற வேடிக்கைப் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். இதற்கெல்லாமா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் திரவம் ஒரு விளிம்பை எப்போது விடும், எப்போது விடாது என்பது தெரியாமல் சீரான மெல்லிய பூச்சுகளை உருவாக்க முடியாது. அதைப் படிக்க டீ பாட்டைவிட மலிவான கருவி எது?

ஆகவே வாங்கும்போது மூக்கின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். தடித்து உருண்ட உதடு வேண்டாம். மெல்லியதாக, அடிப்பக்கம் கூர்மையாக முடிந்தால் தேநீர் வளைந்து திரும்புவது கடினம். ஊற்றி நிறுத்தும்போது சட்டென்று நிமிர்த்துங்கள், ஓட்டம் மெலிய விடாதீர்கள். ஏற்கெனவே வாங்கிய பாட் ஒழுகினால் நுனியின் அடியில் கொஞ்சம் வெண்ணெய் தடவலாம். சூட்டில் உருகிவிடும், அப்புறம் மறுபடி தடவ வேண்டியதுதான்.