டிவா: ‘மல்யுத்த அழகி’ என்பது பிழை

பெக்கி லிஞ்சின் அந்தப் படத்தை மல்யுத்தம் பார்க்காதவர்கள்கூடப் பார்த்திருக்கலாம். 2018 நவம்பரில் எதிரணிக்காரர் ஒருவரின் குத்து முகத்தில் இறங்கி, மூக்கெலும்பு முறிந்தது. வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொள்ளாமல், கூட்டத்தின் நடுவே நின்றபடி அவர் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்ற வாரம் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் அதே படம் வந்திருந்தது. அதன் கீழே ‘மல்யுத்த அழகி பெக்கி லிஞ்ச்’ என்று எழுதியிருந்தார்கள். ‘தி மேன்’ என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டவருக்கு நாம் கொடுத்த பட்டம் அழகி!

‘மல்யுத்த அழகி’ என்ற இந்தச் சொற்றொடரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். மல்யுத்தப் பெண்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய ‘டிவா’ என்ற சொல்லை யாரோ ஒருவர் ஒரு காலத்தில் ‘அழகி’ என்று பெயர்த்துவிட்டார். அன்றிலிருந்து களத்தில் இறங்கும் பெண்கள் எல்லோரும் அழகிகளாகிவிட்டார்கள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிவா என்பது இலத்தீனில் பெண் தெய்வம். இத்தாலிய மொழி வழியாக ஓபரா மேடைக்கு வந்து, பெரும் புகழ்பெற்ற பாடகியைக் குறித்தது. பிறகு, அந்தப் புகழால் பிடிவாதம் மிகுந்தவள் என்ற ஏளனப் பொருளும் ஒட்டிக்கொண்டது. வடமொழி ‘தேவ’, ‘தேவி’ ஆகியவையும் இதே வேரிலிருந்து கிளைத்தவை; ஒளிர்தல் என்பது அந்த வேரின் பொருள். ஆக, நாம் நாள்தோறும் வழங்கும் ‘தேவி’க்கு டிவா தூரத்து உடன்பிறப்பு. இதில் எங்கேயும் அழகு என்ற பொருள் இல்லை.

அழகைச் சேர்த்தது, கதையோடு கூடிய மல்யுத்தக் காட்சிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ. 1990களின் இறுதியில் அந்த நிறுவனம் தன் பெண்களை ‘டிவா’ என்று அழைக்கத் தொடங்கியது. மல்யுத்தம் அறிந்தவர்களோடு மாடல் அழகிகளையும் ஒரே பெயரின் கீழ் நிறுத்தியது. டிவாக்களைத் தேர்ந்தெடுக்கத் தனிப் போட்டியே நடத்தியது. அதில் மல்யுத்தப் பயிற்சி ஒரு தகுதியாகக் கேட்கப்படவில்லை. எதிராளியின் ஆடையைக் களைபவர் வென்றவர் என்ற விதியோடுகூடப் போட்டிகள் நடந்தன. 2008இல் டிவாக்களுக்கென்று வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சாம்பியன் பட்டை வந்தது. 2010இல் பழைய மகளிர் சாம்பியன் பட்டமே இல்லாமல் போயிற்று.

‘அழகி’யை ஆதரிக்கும் நண்பர் ஒருவர் இங்கேதான் என்னை மடக்கப் பார்ப்பார். “அந்த நிறுவனமே அழகுப் பொருளில்தானே அந்தச் சொல்லை வழங்கியது? மொழிபெயர்ப்பாளர் உள்ளதைத்தானே எழுதினார்?” என்பார். கேள்வி நியாயமானது. ஆனால், அதே ஆண்டுகளில் அதே பெயரைச் சுமந்தவர்கள்தாம் லீட்டாவும் டிரிஷ் ஸ்ட்ராடஸும். 2004 டிசம்பர் 6 அன்று, அந்த நிறுவனத்தின் வாராந்திரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘ரா’வின் இறுதிப் போட்டியை, அதாவது அன்றைய தலைமைப் போட்டியை, இவர்கள் இருவரும் ஆடினார்கள். கயிற்றின் உச்சியில் ஏறிப் பின்புறமாகக் கரணமடித்து எதிராளியின் மேல் விழும் லீட்டாவை அழகி என்று எழுதுகிறவர், அவர் செய்த வேலையைப் பார்க்கவே இல்லை என்று பொருள். நிறுவனம் ஒட்டிய பெயர் வேறு, அதைச் சுமந்த ஆள் வேறு. ‘அழகி’ இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

இரசிகர்கள் அதைத் தெளிவாகக் கண்டார்கள். 2015 பிப்ரவரி 23 அன்று ‘ரா’வில் நான்கு பெண்கள் மோதிய இரட்டையர் போட்டி ஏறத்தாழ முப்பது விநாடிகளில் முடிந்துவிட்டது. அந்த இரவே ‘டிவாக்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்’ என்ற முழக்கம் இணையத்தில் கிளம்பி, நாள்கணக்கில் ஓயாமல் ஒலித்தது. அவர்கள் கேட்டது நேரத்தை. இரண்டு பேர் மோதி, ஒரு கதையைச் சொல்லி முடிப்பதற்கான நேரம். அதே ஆண்டு அக்டோபரில் பெய்லியும் சாஷா பேங்க்ஸும் முப்பது நிமிடம் மோதினார்கள். 2016 ஏப்ரல் 3 அன்று, அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியாவின் 32ஆம் பதிப்பில், லீட்டாவே வந்து புதிய மகளிர் சாம்பியன் பட்டையைத் திறந்துகாட்டினார். டிவா என்ற பெயர் அன்றோடு கைவிடப்பட்டது. ஆண்களுக்கு வழங்கிய ‘சூப்பர்ஸ்டார்’ என்ற பெயரே பெண்களுக்கும் ஆனது. 2019 ஏப்ரல் 7 அன்று ரெசில்மேனியாவின் இறுதிப் போட்டியில் முதன்முறையாகப் பெண்கள் ஆடினார்கள்: பெக்கி லிஞ்ச், ரோண்டா ரவுசி, ஷார்லட் பிளேர். வென்றவர் லிஞ்ச்.

சொல்லை உருவாக்கியவர்களே 2016இல் அதைக் கீழே வைத்துவிட்டார்கள். தமிழில் நாம் மட்டும் அதன் மிக மோசமான பொருளை எடுத்து, அந்தப் பெயரைச் சுமந்தே இராத பெண்களுக்கும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். என் கோபம் முழுவதும் இதில்தான்.

ஜப்பானியர்களைப் பாருங்கள். அவர்கள் வழங்கும் சொல் ‘ஜோஷி புரோரெஸ்’. ஜோஷி என்றால் மகளிர். புரோரெஸ் என்பது ‘புரொஃபஷனல் ரெஸ்லிங்’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அவ்வளவுதான், அதில் அழகும் இல்லை, தெய்வமும் இல்லை. 1980களில் சிகுசா நாகாயோவும் லயனஸ் அசுகாவும் ‘கிரஷ் கேல்ஸ்’ என்ற இணையாக ஆடியபோது அரங்கை நிறைத்தவர்கள் பள்ளிச் சிறுமிகள். 1985 ஆகஸ்ட் 28 அன்று ஒசாகாவில், தோற்றவர் தலையை மழித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு டம்ப் மட்சுமோட்டோவும் நாகாயோவும் மோதினார்கள். நாகாயோ தோற்றார். களத்திலேயே அவர் தலை மழிக்கப்பட்டபோது அரங்கிலிருந்த சிறுமிகள் கதறி அழுதார்கள். தங்களுக்காகச் சண்டையிட்ட ஒருத்தி தோற்றதற்காக வந்த அழுகை அது. அந்தச் சிறுமிகளிடம் போய் ‘நீங்கள் பார்க்க வந்தது ஓர் அழகியை’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அப்படியானால் தமிழில் என்ன எழுதலாம்? ‘வீராங்கனை’ என்று உடனே பதில் வரும். எனக்கு அதிலும் முழு நிறைவு இல்லை. வீர, அங்கனை என்ற இரு வடசொற்களின் சேர்க்கை அது. அங்கனை என்றால் அழகிய அங்கங்களை உடையவள். வாசல்வழி விரட்டிய அழகி கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறாள்! வழக்கில் ஊன்றிவிட்ட சொல் என்பதால் அதைத் தடுக்க நான் முனையவில்லை; என் எழுத்தில் மட்டும் தவிர்க்கிறேன்.

டிவாவின் ஓபராப் பொருளுக்கு நம்மிடம் ஓர் அருமையான சொல் இருக்கிறது: அணங்கு. தெய்வம், அச்சம், வருத்தும் ஆற்றல், அழகு எல்லாம் அதில் உண்டு. பெரும் பாடகியைக் குறிக்க அது பொருந்தும். மல்யுத்தக் களத்துக்கு வேண்டாம். தெய்வமாக்குவதும் ஒருவகையில் ஆளை மறைப்பதுதான்.

களத்துக்கு உரிய சொல் ‘மல்லர்’. மல் என்றால் வலிமை, மற்போர். ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வீழ்த்தியதைப் புறநானூற்றின் 80ஆம் பாடல் பேசுகிறது. நரசிம்மவர்மப் பல்லவன் மாமல்லன் ஆனதும் இந்தச் சொல்லால்தான். மல்லன் ஆண்பால் என்று தயங்க வேண்டியதில்லை; ‘மல்லர்’ இருபாலுக்கும் பொது. ‘ஆசிரியர்’, ‘மருத்துவர்’ என்று எழுதப் பழகிய நமக்கு ‘மல்லர்’ மட்டும் ஏன் கசக்க வேண்டும்? ஒரு சமூகத்தின் பெயராகவும் அது வழங்குவதால் குழப்பம் வரும் இடத்தில் ‘மற்போர் வீரர்’ என்று விரித்து எழுதலாம். பெண் என்று சுட்டியே ஆக வேண்டிய இடத்தில் ‘மகளிர் மற்போர்’ போதும். 1999 முதல் 2016 வரையிலான அந்தப் பட்டத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘டிவா’ என்றே ஒலிபெயர்த்து எழுதலாம். அது ஒரு நிறுவனம் வைத்த பெயர். பெயரை மொழிபெயர்க்க வேண்டாம்.

அந்தக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடிய இன்னொருவர் நக்கண்ணையார். 85ஆம் பாடலில், அவன் வென்றான் என்று ஒரு சாராரும் வெல்லவில்லை என்று ஒரு சாராரும் சொல்ல, காற்சிலம்பு ஒலிக்க ஓடிப்போய்ப் பனைமரத்தில் சாய்ந்து நின்று அவன் வெற்றியைத் தன் கண்ணால் கண்டேன் என்கிறார். மற்போர் இரசிகை தமிழுக்குப் புதியவள் அல்லள் என்பதை எனக்குக் காட்டிய பாடல் அது.

மொழிபெயர்க்கிறவர்களிடம் ஒரு குறை. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். இதே துறையில் வில்லனையோ வில்லியையோ குறிக்கும் ‘ஹீல்’ என்ற சொல்லைக் ‘குதிகால்’ என்று பெயர்த்த பத்தியை நான் படித்திருக்கிறேன். ‘அவர் குதிகாலாக மாறினார்’ என்று தமிழில் ஒரு வாக்கியம் இருக்கலாமா? நிகழ்ச்சியை ஒருமுறையேனும் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். 2017இல் அந்த நிறுவனத்தின் களத்தில் சல்வார் கமீஸ் அணிந்து இறங்கிய முதல் இந்தியப் பெண் கவிதா தேவி, எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார். அவரையும் ‘இந்திய அழகி’ என்று எழுதினால், பெயரிலேயே இருக்கும் தேவியைக்கூட நாம் கவனிக்கவில்லை என்றாகிறது.

அந்தப் படத்தின் கீழே இப்படி எழுதியிருக்கலாம்: ‘மூக்கெலும்பு முறிந்த நிலையில் மல்லர் பெக்கி லிஞ்ச், நவம்பர் 2018.’