தேன்மெழுகுவர்த்தி காற்றைக் கழுவாது

ஆஸ்துமாக்காரர் படுத்திருக்கும் அறையின் ஜன்னலைச் சாத்திவிட்டு, நான்கு தேன்மெழுகுவர்த்திகளை வரிசையாக ஏற்றிவைக்கிறார்கள். கேட்டால், "காற்று சுத்தமாகுமாமே!" எத்தனை தடவைதான் சொல்வது? ஆகாது.

"எதிர்மின் அயனிகளை வெளிவிடும், அவை தூசியைப் பிடித்துத் தரையில் இறக்கிவிடும்" என்று அட்டையில் அச்சடித்தே விற்கிறார்கள். அயனிகள் என்றால் மின்னூட்டம் ஏறிய நுண்ணிய துகள்கள். அவை எந்தச் சுடரிலும் உண்டு, அடுப்புச் சுடரிலும்தான். நேர்மின்னும் எதிர்மின்னும் சேர்ந்தே பிறக்கின்றன, பெரும்பாலானவை அங்கேயே ஒன்றோடொன்று கூடி மறைந்துவிடுகின்றன. தேன்மெழுகுக்கென்று தனி வித்தை எதுவும் இல்லை. சுடர் அறையிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் தருகிறது. கூடவே கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் வருகின்றன. அதாவது காற்றில் அழுக்கைச் சேர்க்கிறதே தவிர, எடுத்துவிடுவதில்லை. தேன் மணம் மூக்கில் பட்டதும் காற்றே சுத்தமாகிவிட்டதுபோல ஒரு நினைப்பு வருகிறது, அவ்வளவுதான். மூச்சுத்திணறல் உள்ளவர் அறையில் எந்த மெழுகுவர்த்தியும் வேண்டாம். நல்ல காற்று வேண்டுமா? ஜன்னலைத் திறங்கள்.

தேன்மெழுகு மட்டமான சரக்கு என்று சொல்ல வரவில்லை. 62 முதல் 65 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால் நின்று எரியும். வாசனை சேர்க்காமலே மணக்கும். இவ்வளவு இருக்க, பொய் சொல்லி விற்பானேன்?

வாங்கும்போது அட்டையை நிதானமாகப் படியுங்கள். "தேன்மெழுகு கலந்தது" என்றால் கொஞ்சம் தேன்மெழுகும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் மெழுகு நிறையவுமாக இருக்கலாம். "100% தேன்மெழுகு" என்று எழுதியிருப்பதையே எடுங்கள். மஞ்சள் நிறத்தை நம்பவேண்டாம், சாயம் போடுவது எளிது. வெளுத்தெடுத்த சுத்தமான தேன்மெழுகு வெள்ளையாகவும் இருக்கும். பெட்டியைத் திறந்ததுமே மணம் மூக்கைத் துளைத்தால் எசன்ஸ் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். மெழுகுத் தாளைச் சுருட்டிச் செய்தவற்றில் மடிப்புகளுக்கிடையே காற்று நிற்பதால், அதே பருமனில் வார்த்தவற்றைவிடச் சீக்கிரம் தீரும். அதைக் குறையென்று சண்டைக்கு வராதீர்கள்.

மேலே வெண்படலம் படர்ந்ததும் "பூஞ்சை பிடித்துவிட்டது" என்று திருப்பித் தருகிறவர்களுக்கு: அது மெழுகிலிருந்தே மேலே வந்து பூத்தது. மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் திரியை 6 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். வெட்டிய துணுக்கை மெழுகில் விழவிடாதீர்கள், அதுவே இரண்டாவது திரியாகப் பற்றிக்கொள்ளும். கறுப்புப் புகை வந்ததும் "கலப்பட மெழுகு" என்று கத்துகிறோமே, அநேகமாக அங்கே திரி நீண்டிருக்கும், இல்லையென்றால் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும்.

தடித்த மெழுகுவர்த்தியில் முதல் முறை ஏற்றுவதுதான் முக்கியம். விட்டத்தில் 2.5 செ.மீ.க்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு, 5 செ.மீ. என்றால் இரண்டு மணி நேரம். இருபதே நிமிடத்தில் அணைத்தால் நடுவில் குழி விழும், பிறகு சுடர் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிக்கொண்டு போகும். விளிம்பு உயர்ந்து நின்றுவிட்டால், அணைத்த பிறகு மெழுகு இளஞ்சூட்டில் இருக்கும்போது விரலால் மெல்ல உட்பக்கம் அழுத்திவிடுங்கள். அதற்காக நாள்முழுக்க எரியவிடவும் கூடாது. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் போதும்.

திரைச்சீலை, காகிதம் எதுவும் 30 செ.மீ.க்குள் இருக்கக்கூடாது. கண்ணாடிக் குவளையில் அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள், கடைசிச் சொட்டுவரை எரித்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும். மெழுகே பற்றி எரிந்தால் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் சட்டென ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபக்கமும் தெறிக்கவைக்கும். உலோகத் தட்டைப் போட்டு மூடுங்கள்.

வெயில் படாத, சூடில்லாத இடத்தில் காகிதத்தில் சுற்றிப் படுக்கவைத்தால் வளையாது, நிறமும் வெளுக்காது.

காற்று சுத்தமாகட்டும் என்று இரவெல்லாம் எரியவிட்டுத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். படுக்கப்போகும் முன் அணைத்துவிடுங்கள். ஊதினால் சூடான மெழுகு தெறிக்கும். வளைந்த கம்பியால் திரியை உருகிய மெழுகில் ஒரு முக்கு முக்கி, உடனே நிமிர்த்திவிடுங்கள். புகை எழாது, மறுமுறை சட்டென்று பற்றும்.