கடிகாரம் பார்க்காத ரேடார்

"மூடுபனியில் முன்னால் போகும் வண்டி என் கண்ணுக்கே தெரியவில்லை. காரில் இருக்கும் ரேடாருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தெரிவதில் மர்மம் ஒன்றுமில்லை. கார் ரேடார்கள் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. அலைநீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். மூடுபனித் துளியின் குறுக்களவு பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு சில பங்குதான். ஒளியைச் சிதறடிக்கும் அந்தத் துளியை இந்த அலை சட்டை செய்வதே இல்லை. எனக்குச் சுவையாகப் படுவது வேறு கேள்வி: வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ரேடார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அலையை அனுப்பு, எதிரொலி வரும் நேரத்தை அள, வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கு. பள்ளியில் படித்தது இதுதான். ஆனால் ஒளியின் வேகத்தில் பாயும் இந்த அலை ஒரு நானோநொடியில் 30 செ.மீ. ஓடிவிடும். இரண்டு வண்டிகளுக்கு இடையே 15 செ.மீ. வித்தியாசம் தெரிய வேண்டுமானால், நொடியை நூறு கோடியாக நறுக்கி அளக்க வேண்டும். விரல்நகம் அளவுள்ள மலிவான சிப்பிடம் அதைக் கேட்பது அநியாயம்.

அதனால் பொறியாளர்கள் நேரத்தை நேரடியாக அளப்பதையே விட்டுவிட்டார்கள். மலையைப் பார்த்து நின்று, சுருதியை ஒரே சீராக ஏற்றிக்கொண்டே பாடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். குரல் மலையில் பட்டுத் திரும்புவதற்குள் அவர் இன்னும் மேலே போயிருப்பார். காதில் விழுவது பழைய சுருதி, தொண்டையில் இருப்பது புதிய சுருதி. மலை தள்ளிப் போகப் போக இரண்டுக்கும் உள்ள இடைவெளி கூடும்.

ரேடாரும் இப்படித்தான் பாடுகிறது. 50 மைக்ரோநொடிக்குள் அதிர்வெண்ணை 1 கிகாஹெர்ட்ஸ் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 மீட்டரில் ஒரு லாரி. அலை போய்வர 0.4 மைக்ரோநொடி ஆகும். அதற்குள் ரேடாரின் சுருதி 8 மெகாஹெர்ட்ஸ் ஏறியிருக்கும். மிக்ஸர் என்ற சுற்று, போகும் அலையையும் வந்த அலையையும் பெருக்கி அந்த 8 மெகாஹெர்ட்ஸை மட்டும் வெளியே தள்ளுகிறது. லாரி ஒரு மீட்டர் பின்னால் இருந்தால் இந்த எண் 133 கிலோஹெர்ட்ஸ் கூடும். இதை அளப்பது இன்றைய மின்னணுவியலில் சாதாரண வேலை. 77 கிகாஹெர்ட்ஸ் தலைவலியை ஒரு கழித்தல் கணக்கு 8 மெகாஹெர்ட்ஸாக இறக்கிவிடுகிறது! எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

லாரியின் வேகத்துக்கு, அடுத்தடுத்த பாட்டுகளின் எதிரொலியில் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை (phase), ஒப்பிட்டால் போதும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நெருங்கும் வண்டி 50 மைக்ரோநொடியில் அரை மில்லிமீட்டர்தான் நகர்கிறது. அதற்கே கட்டம் கால் சுற்று திரும்பிவிடும். எந்தத் திசையில் இருக்கிறது என்பதை, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக வைத்த ஆன்டெனாக்கள் சொல்லிவிடும்.

அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் யோசனை பழையது. 1904-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் கிறிஸ்டியான் ஹுல்ஸ்மயர் ரேடியோ அலையால் ரைன் நதியில் போன கப்பல்களைக் கண்டறிந்து காட்டினார். கடற்படை அதை வாங்க முன்வரவில்லை. "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டே ஆராய்ச்சிக்கான நிதியை வெட்டும் குழுக்களின் அறையில் அவர் படத்தை மாட்டி வைக்கலாம்.

சரி, அலைநீளம் 4 மில்லிமீட்டர் என்றேனே, வடிவமைப்பாளரை வாட்டுவதும் அதுதான். வழக்கமான கண்ணாடியிழைச் சர்க்யூட் பலகை இந்த அலையை விழுங்கிவிடும். ஆன்டெனாவுக்கு இழப்பு குறைந்த, விலை கூடிய பலகை வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, ரேடாரை மறைத்திருக்கும் பம்பர். பிளாஸ்டிக்குக்குள் அலை மெதுவாவதால் அலைநீளம் சுமார் 2.4 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. பம்பரின் கனம் இதில் பாதியின் மடங்காக இருந்தால் உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் எதிரொலிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலை தடையின்றி வெளியேறும். கனம் சற்றுப் பிசகினால் அனுப்பியதில் ஒரு பகுதி ரேடாரின் முகத்திலேயே திரும்பி அடிக்கும். அலுமினியத் துகள் கலந்த பளபளப்புப் பெயிண்டை அந்த இடத்தில் இன்னொரு பூச்சு பூசினாலும் இதே கதிதான். அழகுக்கு ஒட்டும் உலோக ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.