புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, பழைய வீசா என்ன ஆகும்?

ஆரையம்பதியில் நான் வேலை செய்யும் கொமினிகேஷன் கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர், கடல் கடந்து இருக்கும் யாரோ ஒருவருக்காக வருகிறவர்கள்தான். போன மாதம் காத்தான்குடியிலிருந்து ஓர் உம்மா வந்தார். கையில் பொலித்தீன் பை, அதற்குள் இரண்டு பாஸ்போர்ட். மகன் சவூதியிலிருந்து லீவில் வந்த இடத்தில் பழையது முடிய இருந்ததால், இங்கேயே புதியதை எடுத்துவிட்டான். "தம்பி, புதுசுல ஒரு சீலும் இல்ல. எல்லாம் பழசுலதான் கிடக்கு. அதையும் மூலைய வெட்டித் தந்திருக்காங்க. இவன் எப்பிடித் திரும்பிப் போற?" என்றார்.

போகலாம் உம்மா, இரண்டையும் கையோடு கொண்டுபோனால் போகலாம் என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. போதாதுதான். அவருடைய மகன் கதை ஒன்று, மலேசியாவில் இருக்கும் மருமகன் கதை வேறு. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். "எம்பசியில் புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே வீசாவையும் அதில் மாற்றிக் குத்தித் தருவார்கள்" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தரமாட்டார்கள். பாஸ்போர்ட் கொடுப்பது இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். வீசா கொடுத்தது அந்த நாடு. கொடுத்தவர்தான் அதை மாற்றித் தரலாம். நமது தூதரகத்தின் வேலை புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததோடு முடிந்தது. அதற்குப் பிறகு போக வேண்டியது, இருக்கும் நாட்டின் குடிவரவு அலுவலகத்துக்கு, அல்லது அவர்களுடைய செயலிக்கு, அல்லது வேலை கொடுத்தவரிடம்.

அடுத்ததாக, அந்த நாட்டில் இருக்கும் அனுமதி எதில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் எல்லாமே பாஸ்போர்ட் பக்கத்தில்தான் இருந்தன. இன்று பல நாடுகளில் அந்தப் பக்கம் வெறும் பக்கம். கட்டார் 2015இலேயே வதிவிட ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தி, அடையாள அட்டையையே அனுமதியாக்கிவிட்டது. குவைத் 2019இல் நிறுத்தியது. டுபாய், அபுதாபி எல்லாம் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஏப்ரலிலிருந்து எமிரேட்ஸ் ஐடிதான் வீசா. சவூதியில் இகாமா என்ற வதிவிட அட்டை. இந்த நாடுகளில் இருக்கும் ஒருவர் "என் வீசாவைப் புதிய பாஸ்போர்ட்டுக்கு மாற்ற வேண்டும்" என்று சொன்னால், அங்கே ஸ்டிக்கர் எதுவும் இடம் மாறப்போவதில்லை. கணினியில் இருக்கும் பழைய பாஸ்போர்ட் இலக்கத்தை அழித்துப் புதியதை எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

சவூதியில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அங்கே பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: நக்ல் மாலூமாத். தகவலை மாற்றுவது என்று பொருள். கம்பெனியில் வேலை செய்பவருக்குக் கம்பெனி முகீம் என்ற தளத்தில் செய்துகொடுக்கும். வீட்டு வேலை, வீட்டுச் சாரதி வேலை என்றால் கபீல், அதாவது வேலைக்கு எடுத்த வீட்டுக்காரர், அப்ஷர் என்ற அரச தளத்தில் தன்னுடைய கணக்கில் செய்வார். 2இல் தொடங்கும் அந்தப் பத்து இலக்க இகாமா எண் மாறாது, அது அப்படியேதான் இருக்கும். அதனால்தான் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். இகாமா புதுப்பிக்கப் போகும்போதோ, லீவுக்குப் போய்த் திரும்பி வரும் அனுமதியான எக்ஸிட் ரீ-என்ட்ரி போடும்போதோதான் தெரியும், கணினியில் இருப்பது காலாவதியான பாஸ்போர்ட் என்று. டிக்கெட் எடுத்து, பிள்ளைகளுக்குச் சாமான் கட்டி, பெட்டியையும் மூடிவிட்ட பிறகு அது தெரியவருவது கொடுமை.

கட்டாரில் மெட்ராஷ் செயலி வழியாக இலக்கத்தை மாற்றலாம். அமீரகத்தில் டுபாய் வீசா என்றால் டுபாயின் குடிவரவு அலுவலகமும், மற்ற எமிரேட்டுகள் என்றால் ஐசிபி என்ற மத்திய அமைப்பும் பார்க்கின்றன.

சரி, அந்த உம்மாவின் மகனைப் போல லீவில் வந்து இங்கே எடுத்தவர்கள் என்ன செய்வது? அவருடைய ரீ-என்ட்ரி பழைய இலக்கத்தில்தான் பதிவாகியிருக்கும். ஆகவே பழையது, புதியது, இகாமா, ரீ-என்ட்ரி தாளின் அச்சுப் பிரதி, நான்கும் கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் அல்ல, கையில். கட்டுநாயக்கவில் முதலில் கேட்கப்போவது சவூதிக்காரன் அல்ல, விமானக் கம்பெனியின் கவுண்டரில் நிற்கும் பிள்ளை. புதிய பாஸ்போர்ட்டில் எதையும் காணாவிட்டால் ஏற்றுவதற்குத் தயங்கத்தான் செய்வார்கள். தவறான ஆளை ஏற்றிவிட்டால் திருப்பிக் கொண்டுவரும் செலவும் தண்டமும் அவர்களுக்குத்தானே. டிக்கெட் பழைய இலக்கத்தில் போட்டிருந்தால் புறப்படும் முன்பே சொல்லி மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தது பழைய இலக்கத்தில் என்றால், பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நிம்மதி. சவூதியில் இறங்கியதும் முதல் வேலை, நக்ல் மாலூமாத்.

இனி அந்த வெட்டிய மூலை. உம்மாவைப் பயமுறுத்தியது அதுதான். மூலையை வெட்டுவதோ, துளை போடுவதோ, இரத்து என்று சீல் குத்துவதோ அந்தப் புத்தகம் இனிப் பயணத்துக்குச் செல்லாது என்பதைக் காட்டத்தான். உள்ளே இருக்கும் வீசா அதனால் இரத்தாவதில்லை. ஆனால் கத்தரிக்கோல் வீசாவின் மேலேயே போய்விட்டால் சிக்கல். நான் ஒருமுறை பார்த்தேன்: அட்டையோடு சேர்த்து நாலைந்து பக்கங்களும் வெட்டுப்பட்டு, அதில் ஒன்றில் இருந்த ஸ்டிக்கரின் ஓரம் போயிருந்தது. அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி இருக்குமே, அதில் கடைசி இரண்டு எழுத்தைக் காணவில்லை. இயந்திரம் வாசிப்பது அந்த வரிகளைத்தான். ஆகவே பழையதைக் கவுண்டரில் நீட்டும்போதே "உள்ளே செல்லுபடியாகும் வீசா இருக்கிறது, அந்தப் பக்கத்தில் வெட்டாதீர்கள்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு தாளைச் செருகிக் காட்டினால் இன்னும் நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டிக்கரையே இன்னும் நம்பியிருக்கும் இடங்களில் உண்மையாகவே மாற்றம் நடக்கும். மலேசியாவில் வேலை அனுமதியோ மாணவர் அனுமதியோ ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால், புதிய பாஸ்போர்ட்டில் மாற்றி ஒட்டக் குடிவரவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலையாட்களுக்கு முதலாளி வழியாகவும், மாணவர்களுக்குப் படிக்கும் நிறுவனம் வழியாகவும் அது போகும். சென்னையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தியாவில் வெளிநாட்டவரைப் பதியும் அலுவலகத்தின் இ-எப்ஆர்ஆர்ஓ தளத்தில் புதிய பாஸ்போர்ட்டுக்கு வீசாவை மாற்றும் சேவை தனியாகவே இருக்கிறது. அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஜப்பானில் வதிவிட அட்டை வேறு, பாஸ்போர்ட்டில் இறங்கும்போது ஒட்டிய அனுமதி வேறு. அந்த அனுமதியைப் புதியதில் பதிந்து தரச் சொல்லிக் கேட்கலாம்.

அமெரிக்கா இதில் எளிது. பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் வீசா காலம் முடியாமல், சேதமில்லாமல் இருந்தால், இரண்டையும் காட்டிப் போகலாம், மாற்றவே தேவையில்லை. இரண்டும் ஒரே நாட்டின் பாஸ்போர்ட்டாக இருக்க வேண்டும். கனடாவின் விசிட் வீசாவும் அப்படித்தான். தயவுசெய்து ஸ்டிக்கரை நீராவி காட்டி உரித்துப் புதியதில் ஒட்ட வேண்டாம். சிரிக்காதீர்கள், செய்யலாமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். உரித்த நொடியில் அந்த வீசா செல்லாது.

அவுஸ்திரேலியாவில் ஸ்டிக்கரே இல்லை. எல்லாம் பாஸ்போர்ட் இலக்கத்தோடு கட்டிய கணினிப் பதிவு. இம்மிஅக்கவுண்ட் என்ற அவர்களுடைய இணையக் கணக்கில் போய்ப் புதிய இலக்கத்தைக் கொடுக்க வேண்டும், அல்லது 929ஆம் இலக்கப் படிவம். கொடுக்காமல் விமான நிலையத்துக்குப் போனால் "உங்கள் பெயரில் வீசா இல்லை" என்றே கணினி சொல்லும்.

லண்டன் கதைக்கு வருவோம், அங்கே நம் ஆட்கள் அதிகம். கையில் வைத்திருந்த பிஆர்பி என்ற வதிவிட அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் பெரும்பாலும் முடிந்துவிட்டன. இப்போது இ-வீசா. அதற்கென்று ஒரு இணையக் கணக்கு. புதிய பாஸ்போர்ட் எடுத்ததும் அந்தக் கணக்கில் புதிய இலக்கத்தைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், கொழும்பிலிருந்து திரும்பும்போது கவுண்டரில் உங்கள் அனுமதியைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்பார்கள். தொண்ணூறுகளில் போய், நிரந்தர வதிவிட சீலைப் பழைய பாஸ்போர்ட்டில் மை முத்திரையாகவே வைத்திருக்கும் மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நோ டைம் லிமிட் என்ற விண்ணப்பத்தைப் போட்டு, அந்த உரிமையை இ-வீசாவாக ஆக்கிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை. முப்பது வருடப் பழைய மை மங்கும் முன்பு செய்துவிடுவது புத்தி.

பெயரில் ஓர் எழுத்து மாறினால் இதுவரை சொன்னது எதுவும் இவ்வளவு எளிதாக நடக்காது. கந்தசாமிக்கு ஆங்கிலத்தில் டி போடுவதா, டிஎச் போடுவதா என்று பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்லும், பழைய பாஸ்போர்ட் வேறொன்று சொல்லும். கலியாணத்துக்குப் பிறகு தகப்பன் பெயர் போய்ப் புருஷன் பெயர் வந்திருக்கும். அப்போது அது இலக்கம் மாற்றும் வேலை அல்ல, ஆளே மாறிவிட்டாரா என்ற கேள்வி. திருமணச் சான்றிதழ் மொழிபெயர்ப்போடு வேண்டும், இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று காட்டும் கடிதமும் கேட்பார்கள். வெளிநாட்டில் வதிவிட அனுமதி ஓடிக்கொண்டிருக்கும்போது, அவசரமில்லாத பெயர்த் திருத்தத்தைப் பாஸ்போர்ட்டில் செய்யப் போகாதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். அனுமதியில் இருக்கும் எழுத்துக்கூட்டலிலேயே புதியதையும் எடுங்கள்.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். தூதரகத்தில் கொடுத்த விண்ணப்பம் கொழும்புக்கு வந்து, பாஸ்போர்ட் அச்சாகித் திரும்பிப் போவதுதான் வழமை. ஒரு வாரத்தில் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைவாகச் செல்லுபடி இருந்தால் பல நாடுகள் உள்ளேயே எடுக்காது, சில இடங்களில் வதிவிடத்தையும் புதுப்பிக்காது. ஆகவே முடிவதற்கு எட்டு ஒன்பது மாதம் இருக்கும்போதே தொடங்கினால்தான், பாஸ்போர்ட் வந்த பிறகு வீசா வேலைக்கும் நாள் மிஞ்சும். ஊரில் இருப்பவர்கள் செய்யக்கூடிய உதவியும் இங்கேதான். பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்து, தேசிய அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் பிடித்து அனுப்பிவைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மங்கலாக வந்த படத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, அதையும் படமெடுத்து அனுப்பினால் யாருக்கும் பயனில்லை.

வீட்டு வேலைக்குப் போன பெண்கள் விஷயம் கொஞ்சம் வேறு. பாஸ்போர்ட் பல வேளை கபீலின் அலுமாரிக்குள். அதை வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்குச் சட்டப்படி இல்லை, ஆனாலும் வைத்திருக்கிறார்கள். எப்போது முடிகிறது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. ஆகவே போகும் முன்பே படம் உள்ள பக்கத்தையும், வீசாவையும், பணியகப் பதிவையும் போட்டோக்கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். முடியும் மாதத்தைக் கலண்டரில் எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு முன்பே அங்கே ஞாபகப்படுத்துங்கள். கபீல் கேட்காவிட்டால் தூதரகம், இங்கிருந்து 1989.

தொலைந்துபோனால் வரிசை வேறு: முதலில் அந்த நாட்டுப் பொலிஸ் அறிக்கை, பிறகு நமது தூதரகம், புதியது வந்த பிறகு அந்நாட்டுக் குடிவரவு. அவசரத்துக்கு ஊர் வர மட்டும் கொடுக்கும் தற்காலிகப் பயண ஆவணத்தை வாங்குவதற்கு முன், திரும்பிப் போகும் எண்ணம் இருக்கிறதா என்று யோசியுங்கள். அந்தத் தாளோடு வந்துவிட்டால், வதிவிடம் செல்லுபடியாக இருந்தாலும் திரும்பிப் போவது இழுபறி.

போய்வந்த திகதி சீல்களைப் பொதுவாகப் புதியதில் மாற்றித் தருவதில்லை. அவை பழையதில்தான் இருக்கும். பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கடந்த ஐந்து வருடத்தில் எப்போது வெளியே போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்று கேட்பார்கள். அந்த மங்கிய சீல்கள்தான் அப்போது சாட்சி. உம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இறப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். "இதுக்கு எவ்வளவு மகன்?" என்று கேட்டார். போட்டோக்கொப்பிக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன்.